ஆறு வயதில் வரும் ஆறாவது பல்: பால் பல் என்று நினைத்துக் கோட்டை விடுகிறோமா?

வீட்டில் பிள்ளைக்கு முதல் பால் பல் ஆடத் தொடங்கினால் அது ஒரு குட்டி விசேஷம்தான். விழுந்த பல்லைக் கூரை மேல் எறியச் சொல்வார் பாட்டி. பொக்கை வாய்ச் சிரிப்பை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுவார் அப்பா. எல்லார் கண்ணும் முன்பல்லில் இருக்கும் அதே மாதங்களில்தான், வாயின் கடைசியில் ஒரு பெரிய பல் சத்தமில்லாமல் வெளியே வரும். அதற்கு வழிவிட எந்தப் பல்லும் விழாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெரிதாக வலியும் இருக்காது. அதனால் யாரும் கவனிப்பதில்லை.

அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். ஏறக்குறைய 6 வயதில், மேலே இரண்டு, கீழே இரண்டு என மொத்தம் நான்கு வரும். இனி வாழ்நாள் முழுக்க முறுக்கும் கரும்பும் கறியும் மெல்லப் போவதில் பெரும்பங்கு இந்த நான்குக்குத்தான். போனால் இன்னொன்று முளைக்காது.

ஏழெட்டு வயதுப் பிள்ளையைப் பல் வலி என்று கூட்டிப் போகிற பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டாக்டர், இது பால் பல்தானே? விழுந்து முளைச்சிடும்ல?"

"இல்லைம்மா, இது கடைசி வரைக்கும் இருக்க வேண்டிய பல்."

அதற்குள் பல்லின் நடுவில் கறுப்பாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

இதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. தடுப்பூசிக்கு ஒரு அட்டை இருக்கிறது. எந்த மாதம் எந்த ஊசி என்று கிராமச் சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து சொல்கிறார். ஆனால், ஆறு வயதில் ஒரு பல் வரும், அதைக் காப்பாற்ற முதல் இரண்டு, மூன்று வருஷம் ரொம்ப முக்கியம் என்று நம்மில் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அதைச் சொல்ல வேண்டிய இடம், கூடவே செய்து முடிக்கவும் வேண்டிய இடம், ஒன்றாம், இரண்டாம் வகுப்பு அறை. அதற்கு வருவோம். முதலில் இந்தப் பல்லைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

நடுவிலிருந்து எண்ணுங்கள்

பால் பற்கள் மொத்தம் 20. மேல் தாடையில் 10, கீழ்த் தாடையில் 10. நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஐந்து. பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி, மொபைல் டார்ச் அடித்து, நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குப் பின்னால் ஆறாவதாக அகலமான ஒரு பல்லோ, ஈறிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளை முனையோ தெரிந்தால், அது நிரந்தரப் பல். ஆறு வயதில் ஆறாவது பல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பல் மருத்துவரின் சீட்டில் 16, 26, 36, 46 என்று எழுதியிருந்தால் அதுவும் இந்த நான்கு பற்கள்தான். நான்கு எண்ணிலும் அந்த 6 இருக்கிறது பாருங்கள்.

வயதில் சில மாதங்கள் முன்னே பின்னே ஆகலாம். சிலருக்கு ஐந்தரையிலேயே வந்துவிடும், சிலருக்கு ஏழு ஆகும். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஏன் இந்தப் பல் மட்டும் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறது?

பல் தேய்க்காததால்தான் சொத்தை வருகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பல் விஷயத்தில் அது பாதி உண்மைதான்.

கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பு மழமழவென்று இருக்காது. மலைப்பகுதி மேப் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தப் பள்ளக் கோடுகள் சில பிள்ளைகளுக்கு மிகக் குறுகலாக, ஆழமாக அமைந்துவிடும். டூத் பிரஷ்ஷின் ஒற்றை இழைகூட அடி வரை நுழையாத அளவுக்குக் குறுகல். ஆனால் பாக்டீரியா நுழையும், பிஸ்கட் மாவு நுழையும். பள்ளிப் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வரும் சொத்தையில் பெரும்பகுதி, பல்லின் பக்கவாட்டில் அல்ல, இந்தக் கோடுகளில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது, இந்தப் பல் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. முனை தெரிந்ததிலிருந்து எதிர்ப் பல்லைத் தொட்டு மெல்லத் தொடங்கும் வரை ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகலாம். அதுவரை பக்கத்துப் பால் பல்லைவிட ஒரு படி கீழேயே நிற்கும். நாம் பிரஷ்ஷை வரிசையாக முன்னும் பின்னும் ஓட்டுகிறோம் இல்லையா, அது பால் பற்களின் மேலேயே போய்விடும். கீழே குழியில் நிற்கும் புதுப் பல்லைத் தொடவே தொடாது. அதன் மேல் பாதி மூடியபடி ஈறுத் தோல் வேறு இருக்கும். உணவு போய் ஒளிந்துகொள்ள வசதியான இடம்.

மூன்றாவது, புதிதாக வந்த பல்லின் எனாமல் இன்னும் முழுமையாகப் பக்குவப்பட்டிருக்காது. வாய்க்குள் வந்த பிறகுதான் எச்சிலில் உள்ள கால்சியம், பாஸ்பேட் போன்ற தாதுக்களை வாங்கி அது மெல்ல மெல்லக் கெட்டிப்படும். நேற்று பூசிய சிமெண்ட் தரை மேல் வண்டியை ஏற்றுவது போலத்தான், இந்தச் சமயத்தில் நாம் கொடுக்கும் இனிப்பு.

இனிப்பில் அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிய பிரச்சினை. ஒவ்வொரு முறை சர்க்கரை உள்ளே போகும்போதும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கும். அரை மணி நேரமாவது ஆகும், எச்சில் அதைச் சமன்படுத்த. தீபாவளிக்கு ஒரே மூச்சில் நான்கு லட்டு தின்னும் பிள்ளையைவிட, தினமும் வேனில் ஒரு சாக்லேட், இடைவேளையில் க்ரீம் பிஸ்கட், மாலையில் பாக்கெட் ஜூஸ், படுக்கும்போது சர்க்கரை போட்ட ஹெல்த் டிரிங்க் என்று பரவலாக எடுத்துக்கொள்ளும் பிள்ளையின் பல்தான் அதிக ஆபத்தில் இருக்கிறது. கடைசியாகச் சொன்ன அந்த ராத்திரி டம்ளர்தான் மோசம். தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கழுவிவிட ஆளில்லை.

2002-03ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. பழைய கணக்குதான். ஆனால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் வாய்க்குள் வந்து ஆறே வருஷம் ஆன வயது அது என்பதை யோசித்துப் பாருங்கள்.

சில பிள்ளைகளுக்கு இந்தப் பல் வரும்போதே மஞ்சள், பழுப்புத் திட்டுகளோடு, பொடிப்பொடியாக உதிர்கிற மாதிரி வரும். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும், அதனால் பிள்ளை அந்தப் பக்கம் பிரஷ்ஷையே வைக்க விடாது. சாக்லேட் தின்றதால் வந்தது அல்ல இது, பல் உருவாகும் காலத்திலேயே எனாமலில் ஏற்பட்ட குறை. அப்படித் தெரிந்தால் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

எட்டு வயதில் ரூட் கெனால் ஏன் சிக்கல்?

"சொத்தை வந்தா அடைச்சுக்கலாம், இல்லைன்னா ரூட் கெனால் பண்ணிக்கலாம்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பல் வெளியே தெரிந்த பிறகும் அதன் வேர் வளர்ந்து முடிய மேலும் மூன்று வருஷம் போல ஆகும். அதற்கு முன்பே சொத்தை நரம்பு வரை போய்விட்டால், வேரின் நுனி திறந்தே இருப்பதால், பெரியவர்களுக்குச் செய்வதைப் போல நேரடியாக ரூட் கெனால் செய்துவிட முடியாது. பல தடவை போக வேண்டிய, செலவு பிடிக்கும் சிகிச்சை. எட்டு வயதுப் பிள்ளை அத்தனை நேரம் வாயைத் திறந்துகொண்டு உட்கார வேண்டும்.

கையில் காசில்லாத குடும்பம் என்ன செய்யும்? பிடுங்கிவிடும். பிடுங்கிய இடம் அப்படியே இருக்காது. 12 வயதில் பின்னால் வரும் இரண்டாவது கடைவாய்ப் பல் அந்த இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்த் தாடைப் பல் நீண்டு இறங்கும். கடிக்கும் அமைப்பே மாறிப்போகும். பொதுவாக நம் ஊர் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில், விபத்தில் அடிபட்டால் தவிர, பல் சிகிச்சை சேராது. ஆக, எல்லாமே கைக்காசுதான்.

பள்ளத்தை மூடிவிட்டால்?

பள்ளம்தான் பிரச்சினை என்றால், அதைச் சொத்தை வருவதற்கு முன்பே மூடிவிடலாமே என்ற யோசனை புதிதல்ல. 1955ல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர், எனாமலை லேசான அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் ரெசின் அதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று காட்டினார். அந்த வழியில் வந்ததுதான் சீலன்ட்.

செய்வது எளிது. பல்லைச் சுத்தம் செய்து, சில விநாடிகள் ஜெல் தடவி, கழுவி, நன்றாக உலர்த்தி, நீர்த்த ரெசினைக் கோடுகளில் ஓடவிட்டு, நீல வெளிச்சம் காட்டினால் கெட்டியாகிவிடும். ஊசி இல்லை, டிரில் இல்லை. ஒரு பல்லுக்குச் சில நிமிஷம். கவனிக்க வேண்டியது எச்சில் படாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். பட்டால் ஒட்டாது. பல் இன்னும் பாதிதான் வந்திருக்கிறது, ஈரத்தைத் தடுக்க முடியவில்லை என்றால் கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு பொருளைத் தற்காலிகமாகப் பூசிவைப்பார்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளில் சீலன்ட் பூசாதவர்களுக்கு முதல் கடைவாய்ப் பல்லில் வரும் சொத்தை, பூசியவர்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு அதிகம். நம் ஊரில் இதன் செலவு கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். ஆனாலும், ரூட் கெனால் செய்து அதற்குமேல் கேப் போடும் செலவில் இது ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்று ஃப்ளோரைடு வார்னிஷ். நகப்பாலிஷ் போலப் பல்லில் தடவுவது. ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், பல்லை முழுக்க உலர்த்தக்கூடத் தேவையில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும்.

இரண்டில் எது நல்லது? இங்கேதான் ஒரு சுவாரசியமான விஷயம். பிரிட்டனில் சவுத் வேல்ஸ் பகுதியில் 6, 7 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை வைத்து, பள்ளிகளுக்கே வேன் கொண்டுபோய் ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு சீலன்ட், மீதிப் பேருக்கு வார்னிஷ். 3 வருஷம் கழித்துப் பார்த்தபோது, முதல் கடைவாய்ப் பல்லில் சொத்தை வந்தவர்கள் சீலன்ட் பிரிவில் 19.6 சதவீதம், வார்னிஷ் பிரிவில் 17.5 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. செலவில் வார்னிஷ் மலிவு.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வு சொல்வது, எந்தப் பொருளைப் பூசுகிறோம் என்பது இரண்டாவது கேள்வி என்பதைத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் யாராவது அந்தப் பிள்ளையின் வாயைப் பார்க்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி.

ஃப்ளோரைடு என்றாலே பயமா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஃப்ளோரைடு பயத்தை ஒரேயடியாகச் சிரித்து ஒதுக்க முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருந்ததால் பற்களில் கறையும், சிலருக்கு எலும்புப் பாதிப்பும் வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் அது வருஷக்கணக்காகக் குடித்ததால் வந்தது. பேஸ்ட்டும் வார்னிஷும் வேலை செய்வது பல்லின் மேல்பரப்பில். விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஒரு பச்சைப் பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் முழுக்க அலை அலையாகப் போடுவதெல்லாம் பேஸ்ட் கம்பெனிக்குத்தான் லாபம். இந்தியாவில் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது, அளவை ட்யூபிலும் அட்டையிலும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அடுத்த முறை வாங்கும்போது அந்தப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். சில மூலிகைப் பேஸ்ட்களிலும் பல்பொடிகளிலும் ஃப்ளோரைடே இருக்காது. மணக்கும், நுரைக்கும், ஆனால் சொத்தையைத் தடுப்பதற்கு முக்கியமான பொருள் அதில் இல்லை.

தேய்த்த பிறகு துப்பினால் போதும், சொம்பு சொம்பாகக் கொப்பளிக்க வேண்டாம். புதுப் பல்லுக்கு மட்டும் பிரஷ்ஷைப் பக்கவாட்டிலிருந்து, கன்னத்தை லேசாக விலக்கி, குறுக்காக வைத்துத் தேய்க்க வேண்டும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும், முக்கியமாக ராத்திரி. "அவனே தேய்ச்சுக்குவான், பெரிய பையன் ஆயிட்டான்" என்று பெருமைப்படுகிற வயதும் இந்தப் பல் வருகிற வயதும் ஒன்றாக அமைந்துவிட்டதுதான் சங்கடம்.

பள்ளிக்கு யார் போவது?

இதுவரை சொன்னதை எல்லாம் இந்தக் கட்டுரையை போனில் படிக்கிற நீங்கள் செய்துவிடுவீர்கள். ஒரு சனிக்கிழமை லீவில் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய், "சீலன்ட் போடலாமா டாக்டர்?" என்று கேட்டுவிடுவீர்கள். ஆனால் வலிக்காத பல்லைக் காட்ட ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எந்த அம்மா பஸ் ஏறுவார்? ஏறச் சொல்வதும் நியாயமா?

நம்மிடம் ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. 2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பல் பிரச்சினையும் இருக்கிறது. ஆனால் அது கண்டுபிடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிற ஏற்பாடு. சொத்தை வந்தவர்களைத்தான் கண்டுபிடிக்கும். நாம் பேசுவது சொத்தை வருவதற்கு முந்தைய வேலையைப் பற்றி. அதற்குச் சீட்டு எழுதி அனுப்பினால் யாரும் போக மாட்டார்கள். அங்கேயே செய்து முடிக்க வேண்டும்.

பல் மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் முகாம்களும் இருக்கின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் பல முகாம்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, 'ஆ' காட்டச் சொல்லி, கையில் ஒரு குட்டி பேஸ்ட் ட்யூபைக் கொடுத்து, பேனர் முன்னால் போட்டோ எடுப்பதோடு முடிந்துவிடுகின்றன. அதே பள்ளிக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்ப வருவதில்லை. வார்னிஷ் வேலை செய்வது அந்த இரண்டாவது வருகையால்தான். சீலன்ட்டும் ஓரத்தில் பெயர்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

அண்டையில் இலங்கையைப் பாருங்கள். பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்று அங்கே ஒரு தனிப் பணியே இருக்கிறது. மகரகமவில் பயிற்சி பெற்று, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பது, அடைப்பது வரை அவர்கள் செய்கிறார்கள். ஸ்காட்லாந்தில் சைல்ட்ஸ்மைல் என்ற திட்டத்தில் மழலையர் பள்ளியிலேயே தினமும் பல் தேய்க்க வைக்கிறார்கள், ஆபத்து அதிகமுள்ள பகுதிகளில் வார்னிஷ் பூசுகிறார்கள். அங்கே முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் 2003ல் 45 சதவீதம். 2020ல் 74 சதவீதம். அது பால் பல் கணக்கு என்றாலும், பள்ளி வழியாகப் போனால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். நம் நான்கு பற்களும் முளைத்து, வளர்ந்து, கெட்டுப்போவதும் அநேகமாக அதே வகுப்புகளில். பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவும் குழாயடியில் இன்னும் இரண்டு நிமிஷம் கேட்பது பெரிய விஷயமில்லை.

"ஆசிரியர் தலையில் இதையும் கட்டாதீர்கள்" என்ற குரல் எனக்குக் கேட்கிறது. சரியான குரல்தான். தேர்தல் வேலை முதல் கணக்கெடுப்பு வரை எல்லாம் அவர்கள் தலையில்தான். அதனால் பூசுகிற வேலையை அவர்களிடம் கொடுக்கக் கூடாது. மாநிலத்தில் அரசு, தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றிலும் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத் துறை இருக்கிறது, இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் பயிற்சி மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒரு கல்லூரிக்கு இத்தனை ஒன்றியம் என்று பிரித்துக் கொடுத்து, அந்தப் பள்ளிகளின் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு முறை பார்ப்பது அவர்கள் பயிற்சியின் கட்டாயப் பகுதி ஆக வேண்டும். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களே வார்னிஷ் பூசுகிறார்கள். நாமும் ஆர்.பி.எஸ்.கே. குழுவின் செவிலியர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். டார்ச், பஞ்சு, சின்ன பிரஷ் போதும், நாற்காலியும் மெஷினும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021ல் ஃப்ளோரைடு பேஸ்ட்டையும் கிளாஸ் அயனோமரையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆடம்பரம் என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை.

தனியார் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டு விழா டிரெஸ்ஸுக்கும் ஸ்மார்ட் கிளாஸுக்கும் பணம் கேட்கும் பேரன்ட்ஸ் மீட்டிங்கில், "ரெண்டாம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை டென்டிஸ்ட் வர ஏற்பாடு பண்ண முடியுமா, மிஸ்?" என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும். பக்கத்தில் இருப்பவர்கள் அவரவர் பிள்ளையின் வாயில் ஆறாவது பல்லை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.